வடநெம்மேலியின் நஞ்சும் அவில் ஊசியின் எல்லையும்

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலி என்னும் சிற்றூரில், முதலைப் பண்ணைக்குள் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் இயங்கி வருகிறது. 1978-இல் பதிவான இச்சங்கத்திலிருந்துதான், இந்தியாவில் பாம்புக்கடிக்கு ஏற்றப்படும் நஞ்சுமுறி மருந்தைச் செய்யத் தேவைப்படும் நஞ்சின் பெரும்பங்கு பல பத்தாண்டுகளாக மருந்து ஆலைகளுக்குச் சென்றிருக்கிறது. உயிர் காக்கும் அந்த மருந்தே நோயாளியின் உடலில் கடும் ஒவ்வாமையைக் கிளப்பக்கூடியது. அந்த ஒவ்வாமையை அடக்குவதற்கென்று மருத்துவர்கள் நெடுங்காலம் நம்பியிருந்தவை ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்துகள், அதாவது தமிழ்நாட்டு மருத்துவமனைகளிலும் மருந்துக் கடைகளிலும் அவில், சிபிஎம், செட்ரிசின் என்று பேச்சில் வழங்கும் மருந்துகள். அவற்றின் பயன் எதுவரை, எந்த இடத்தில் அவை கைகொடுக்காமற் போகின்றன என்பதை விளங்கிக்கொள்ள, இக்கடற்கரையின் பாம்புத் தொழிலையும் அதனோடு பிணைந்த குதிரைச் சீரத்தின் வரலாற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களின் ஏரிக்கரைகளிலும் முட்புதர்க் காடுகளிலும் வாழ்ந்துவரும் இருளர், நீலகிரிச் சரிவில் அதே பெயரால் வழங்கும் மக்களிலிருந்து வேறானவர்கள். அறுவடைக்குப் பின் வயல்வரப்பில் எலிவளை தோண்டுவதும், பிடித்த எலியை உணவாக்கிக்கொள்வதும், எலி பதுக்கிய நெல்லை எடுத்துக்கொள்வதும், மூலிகையும் தேனும் திரட்டுவதும் அவர்களுடைய பழைய வாழ்முறை. எலியைத் தேடிப் பாம்பும் அதே வளைக்குள் நுழைவதால், பாம்பைத் தடம் பார்த்து அறியும் திறமை எலி வேட்டையோடு சேர்ந்தே அவர்களிடம் வளர்ந்தது. வளைவாயில் மண் வழவழப்பாகத் தேய்ந்திருப்பதையும், அருகே கிடக்கும் சட்டைத் துணுக்கையும், எச்சத்தையும் கண்டு உள்ளே இருப்பது இன்ன பாம்பு என்று சொல்லிவிட்டுக் கடப்பாரையை எடுக்கும் அறிவு, எந்தப் பள்ளியிலும் கற்பிக்கப்படாமல் தலைமுறை தலைமுறையாகக் கைமாறியது. ஆண்டுதோறும் மாசி மகத்தன்று இவர்கள் மாமல்லபுரம் கடற்கரையில் குடும்பம் குடும்பமாகத் திரண்டு, மணலில் கோயில் எழுப்பிக் கன்னியம்மனை வழிபட்டு, திருமணங்களையும் அங்கேயே நடத்திக்கொள்கிறார்கள்.

இத்திறமையை 20-ஆம் நூற்றாண்டில் முதலில் விலைக்கு வாங்கியது தோல் வணிகமே. பாம்புத்தோல் சென்னைத் தோல் பதனிடும் ஆலைகளுக்குப் போய், கைப்பையும் காலணியும் ஆவதற்காக வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியானது. பிடித்தவருக்குக் கிடைத்ததோ மிகச் சொற்பம். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, 1976-இல் பாம்புத்தோல் ஏற்றுமதியும் தடை செய்யப்பட்டபோது, காடு காக்கும் நோக்கில் சரியான அச்சட்டம் இருளரின் வருவாய்க்கு இருந்த வழியை ஒரே அடியில் அடைத்துவிட்டது. சென்னைப் பாம்புப் பண்ணையையும், பின்னர் 1976-இல் முதலைப் பண்ணையையும் தொடங்கிய ரோமுலஸ் விட்டேக்கர் இருளரிடம் தொழில் பழகியவர்; பாம்பைக் கொல்லாமல் அதன் நஞ்சை மட்டும் எடுத்து விற்கலாம் என்ற எண்ணத்தைக் கூட்டுறவுச் சங்கமாக உருவாக்குவதில் அவர் பங்கு பெரிது. ஒரு குலத்தொழிலை அழியவிடாமல், பயனை மட்டும் திசைமாற்றிய இம்முயற்சி போலத் தமிழகத்தில் வேறொன்றைக் காண்பது அரிது.

சங்கத்தின் வேலைமுறை எளியது, ஆனால் கண்டிப்பானது. வனத்துறை அனுமதித்த எண்ணிக்கைக்கு உட்பட்டு நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு இனங்கள் மட்டுமே பிடிக்கப்படுகின்றன. பாம்புகள் மண்பானைகளில் விடப்பட்டு, காற்றுப் புகும் பருத்தித் துணியால் பானையின் வாய் கட்டப்படுகிறது. வாரம் ஒருமுறை பாம்பைத் தலைப்புறம் பற்றி, குடுவையின் வாயில் இழுத்துக் கட்டிய மெல்லிய சவ்வைக் கடிக்கவைக்கும்போது, பற்கள் சவ்வைத் துளைத்து இறங்க, நஞ்சு சில துளிகளாகக் கண்ணாடியின் உட்புறத்தில் வழிகிறது. ஏறத்தாழ நான்கு முறை எடுத்தபின், மீண்டும் அதே பாம்பு விரைவில் பிடிபடாதிருக்க வயிற்றுச் செதில்களில் அடையாளம் வெட்டி, அதைக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். எடுத்த நஞ்சு உறைய வைத்து உலர்த்தப்பட்டுத் தூளாக ஆலைகளுக்குப் போகிறது. இத்தொழிலைச் செய்துவந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பே, 2017-இல், மலைப்பாம்புகள் பெருகித் தொல்லை கொடுத்த அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் அவ்விருவரையும் அழைத்து அவர்களுடைய தடம் பார்க்கும் திறனைப் பயன்படுத்திக்கொண்டது.

ஆலையில் இந்நஞ்சு மிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டிக் குதிரைகளுக்குச் செலுத்தப்படுகிறது; குதிரையின் உடல் அதை எதிர்த்து உண்டாக்கும் எதிர்ப்புப் புரதங்கள் இரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியான சீரத்திலிருந்து பிரித்துத் தூய்மையாக்கப்பட்டுக் குப்பிகளில் அடைக்கப்படுகின்றன. இம்முறையைப் பாம்பு நஞ்சுக்கு முதலில் பயன்படுத்தியவர்களுள் முதன்மையானவர், சைகோனில் பணியாற்றித் திரும்பி 1890-களின் நடுவில் பிரான்சில் சீரம் தயாரித்த ஆல்பெர் கால்மெட். அவருடைய நாகச் சீரம் எல்லாப் பாம்புக்கும் ஏற்கும் என்ற நம்பிக்கையை, கண்ணாடி விரியனின் நஞ்சுக்கு அது பயன்படாது என்று காட்டி உடைத்தவர் இந்தியாவில் ஆய்வு செய்த ஜார்ஜ் லாம்ப். இன்றைய இந்திய மருந்து நான்கு இனங்களின் நஞ்சுக்கும் பொதுவாகச் செய்யப்படுவதற்கு அதுவே அடிப்படை. கண்ணாடி விரியனின் ஆங்கிலப் பெயருக்குரிய பாட்ரிக் ரஸ்ஸல், சோழமண்டலக் கடற்கரையின் பாம்புகளைப் பற்றி 1796-இல் நூல் வெளியிட்ட காலத்தில், கடிக்கு வைத்தியமாகப் பேர்பெற்றிருந்தது பாடாணம் கலந்த தஞ்சாவூர் மாத்திரை என்பதை நினைத்தால், சீரம் கொண்டுவந்த மாற்றத்தின் அளவு புலப்படும்.

குதிரைச் சீரம் பாம்புக்கடிக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. தொண்டை அடைப்பான் நோய்க்கு அதை 1890-களில் ஐரோப்பாவெங்கும் குழந்தைகளுக்குச் செலுத்தியபோது, நோய் தணிந்த பல குழந்தைகளுக்குச் சில நாள் கழித்துக் காய்ச்சலும் தோல்தடிப்பும் மூட்டுவலியும் கண்டன. வியன்னாவின் குழந்தை மருத்துவர்களான கிளமென்ஸ் ஃபான் பிர்க்கேயும் பேலா ஷிக்கும் இதைச் சீர நோய் என்று வகுத்து 1905-இல் நூல் எழுதினர். அடுத்த ஆண்டு பிர்க்கே முன்மொழிந்த அலர்ஜி என்னும் கருத்தே இன்று தமிழில் ஒவ்வாமை எனப்படுவது. அதற்குச் சற்று முன், 1902-இல், பிரான்சின் ஷார்ல் ரிஷேயும் போல் போர்ட்டியேயும், முன்பு ஒருமுறை தாங்கிக்கொண்ட நஞ்சை இரண்டாம் முறை மிகச் சிறிய அளவில் செலுத்தினாலே விலங்கு நிமிடங்களில் சரிந்து இறப்பதைக் கண்டிருந்தனர். அனஃபைலாக்சிஸ் எனப்படும் இந்த உடனடிக் கடும் ஒவ்வாமையில் மூச்சுக்குழல் சுருங்கி, இரத்த அழுத்தம் விழுந்து, உயிரே போகக்கூடும். ஒவ்வாமை என்ற மருத்துவத் துறையே பெருமளவு குதிரைச் சீரத்தின் மருத்துவப் பயனிலிருந்து பிறந்தது என்பது பாம்புக்கடி மருத்துவத்தைப் பேசும்போது பெரும்பாலும் மறந்துபோகிறது.

கடும் ஒவ்வாமையின்போது உடலில் எழும் கொந்தளிப்புக்குக் காரணமான பொருள்களுள் ஒன்று ஹிஸ்டமின். 1907-இல் ஆய்வகத்தில் செய்யப்பட்ட இவ்வேதிப்பொருளை, 1910-இல் ஹென்றி டேலும் பாட்ரிக் லெய்ட்லாவும் விலங்குகளுக்குச் செலுத்தி, அதன் விளைவு அனஃபைலாக்சிசை ஒத்திருப்பதைக் காட்டினர். அது உடலின் திசுக்களிலேயே இயற்கையாக உள்ளது என்பது 1927-இல் உறுதியாயிற்று. தோலிலும் மூச்சுப்பாதையிலும் குடலிலும் பரவியிருக்கும் மாஸ்ட் உயிரணுக்கள் ஹிஸ்டமினைச் சேமித்து வைத்திருந்து, தூண்டப்படும்போது வெளிவிடுகின்றன. இரத்த நுண்குழாய்கள் விரிந்து கசிந்து, தோல் சிவந்து தடித்து அரிக்கிறது, மூக்கு ஒழுகுகிறது. பாம்பு நஞ்சே திசுக்களிலிருந்து ஹிஸ்டமினை விடுவிக்கக்கூடியது என்பதை 1930-களின் பிற்பகுதியில் ஆஸ்திரேலியாவில் ஃபெல்ட்பெர்க்கும் கெல்லவேயும் காட்டினர்.

ஹிஸ்டமினைத் தடுக்கும் முதற்பொருளை 1937-இல் பாரிசின் பாஸ்டர் நிறுவனத்தில் டேனியல் போவேயும் ஆன்-மரி ஸ்டாபும் கண்டறிந்தனர். அது மனிதருக்குக் கொடுக்க முடியாத அளவு நச்சாக இருந்தபோதிலும் வழியைத் திறந்தது. 1942 முதல் மனிதருக்கேற்ற மருந்துகள் வரலாயின. 1957-இல் போவேக்கு நோபல் பரிசு கிடைத்தது. புரோமெதசின், டைஃபென்ஹைட்ரமின், சிபிஎம் எனப்படும் குளோர்ஃபெனிரமின், இந்தியாவில் அவில் என்ற வணிகப் பெயரால் வீட்டுப் பெயராகிவிட்ட ஃபெனிரமின் எல்லாம் 1940-களையும் அதையொட்டிய ஆண்டுகளையும் சேர்ந்தவை. உயிரணுவின் மேற்பரப்பில் ஹிஸ்டமின் போய் ஒட்டும் இடத்தை, அதாவது எச்1 ஏற்பியை, இவை அடைத்துக்கொள்கின்றன. ஏற்கெனவே வெளிவந்த ஹிஸ்டமினை அழிப்பதும் இல்லை, ஒவ்வாமையைக் கிளப்பும் வேறு வேதிப்பொருள்களைத் தடுப்பதும் இல்லை. மூளைக்குள்ளும் புகுவதால் தூக்கம் தருகின்றன; இந்த மயக்கும் தன்மையை ஆராயப் போய்த்தான் 1950-இல் குளோர்புரோமசின் உருவாகி, மனநோய் மருத்துவத்தின் போக்கே மாறியது. தூக்கம் குறைந்த இரண்டாம் தலைமுறை பின்னர் வந்தது. அதிலும் டெர்ஃபெனடின் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுத்ததால் 1990-களின் இறுதியில் கைவிடப்பட்டது, செட்ரிசினும் லோரடடினும் ஃபெக்சோஃபெனடினும் நிலைத்தன.

நஞ்சுமுறி மருந்து ஏற்றப்படும் வார்டில்தான் இம்மருந்துகளின் எல்லை வெளிப்பட்டது. பத்து மில்லிலிட்டர் குப்பிகள் பெரும்பாலும் எட்டு முதல் பத்து வரை முதல் தவணையிலேயே தேவைப்படுவதால், வேற்றினப் புரதம் பெருமளவில் சிரைவழி இரத்தத்தில் கலக்கிறது. இலங்கையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு நடந்து 2011-இல் வெளியான ஆய்வில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கு ஏதேனும் ஓர் உடனடி எதிர்வினை கண்டது. அங்கே ஏற்றப்பட்டது இந்தியாவில் தயாரான மருந்து. இவ்வெதிர்வினைகளில் பெரும்பாலானவை முன்பே பழகிய ஒவ்வாமையால் வருவன அல்ல, புரதத் திரள்கள் உடலின் தற்காப்பு அமைப்பை நேரடியாகத் தூண்டுவதால் வருவன. ஆகவே முதல்முறை ஏற்றப்படுபவருக்கும் வரும், தோலில் சிறுதுளி குத்திப் பார்க்கும் சோதனையால் முன்கூட்டி அறியவும் முடியாது. அச்சோதனை பயனற்றது என்று 1980-களிலேயே தெரிந்தும், பல இடங்களில் அதற்காக மதிப்புமிக்க நிமிடங்கள் வீணாயின.

எதிர்வினை வருமுன் அவிலையும் ஹைட்ரோகார்ட்டிசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்தையும் போட்டுவிடுவது நெடுநாள் வழக்கமாயிருந்தது. அவ்வழக்கம் ஆய்வுக்கு உட்பட்டபோது கிடைத்த விடை தெளிவானது. பிரேசிலில் 101 நோயாளிகளிடம் நடந்து 1999-இல் வெளியான ஆய்வில், புரோமெதசின் முன்கூட்டிப் போடப்பட்டவர்களில் 24 விழுக்காட்டினருக்கும், வெறும் நீர்மருந்து போடப்பட்டவர்களில் 25 விழுக்காட்டினருக்கும் எதிர்வினை வந்தது. இரண்டிற்கும் வேறுபாடே இல்லை. இலங்கை ஆய்வில் புரோமெதசினும் பயன் தரவில்லை, ஹைட்ரோகார்ட்டிசோனும் தரவில்லை. தோலடியில் குறைந்த அளவில் போடப்பட்ட அட்ரினலின் மட்டும் முதல் ஒரு மணி நேரத்தில் கடும் எதிர்வினைகளை 43 விழுக்காடு குறைத்தது. வடநெம்மேலியில் தொடங்கும் மருந்துச் சங்கிலியின் மறுமுனையில், பாக் நீரிணைக்கு அப்பால் கிடைத்த இம்முடிவு, பாம்புக்கடி மருத்துவம் செய்யும் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் எழுதி ஒட்ட வேண்டிய ஒன்று.

காரணம் விளங்கிக்கொள்ளக் கடினமல்ல. கொந்தளிப்பின்போது மாஸ்ட் உயிரணுவிலிருந்து ஹிஸ்டமினோடு லியூக்கோட்ரையீன்கள், புரோஸ்டகிளாண்டின்கள் முதலிய வேறு பொருள்களும் வெளியாகின்றன. எச்1 ஏற்பியை மட்டும் அடைக்கும் மருந்தால் அரிப்பும் தடிப்பும் தணியுமேயன்றி, சுருங்கும் மூச்சுக்குழலும் வீழும் இரத்த அழுத்தமும் நிமிராது. அட்ரினலினோ விரிந்த இரத்தக் குழாய்களைச் சுருக்கி, மூச்சுக்குழலைத் திறந்து, உயிரணுக்கள் மேலும் கொட்டுவதையும் நிமிடங்களில் தடுக்கிறது. ஆகையால் உலக நலவாழ்வு அமைப்பின் வழிகாட்டி, வயதுவந்தவருக்கு அரை மில்லிகிராம் அட்ரினலினைத் தொடையின் தசையில் முதலில் போடச் சொல்லி, அதன் பின்னரே குளோர்ஃபெனிரமினையும் ஹைட்ரோகார்ட்டிசோனையும் சேர்க்கிறது. வரிசை மாறி, அவிலைப் போட்டுவிட்டு அது வேலை செய்யக் காத்திருக்கும் நேரமே உயிருக்கு உலை வைக்கும் நேரம்.

வடநெம்மேலியின் அதே கடற்கரையில், ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்து குறி தவறாமல் வேலை செய்யும் இன்னொரு நோயும் உண்டு. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் மிகுதி. பிடித்த மீன் பனிக்கட்டி இல்லாமல் வெயிலில் கிடந்தால், பாக்டீரியாக்கள் அந்த ஹிஸ்டிடினை ஹிஸ்டமினாகவே மாற்றிவிடுகின்றன. குழம்பில் கொதித்தாலும், வறுத்தாலும், கருவாடாகக் காய்ந்தாலும் அந்த ஹிஸ்டமின் அழியாது. உண்ட ஒரு மணி நேரத்திற்குள் முகம் சிவந்து, தலை வலித்து, உடல் தடித்துப்போகும். மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். உண்மையில் அது ஒவ்வாமையன்று, வெளியிலிருந்து ஹிஸ்டமின் உட்கொண்ட நச்சுமை. காரணம் ஹிஸ்டமின் ஒன்றே என்பதால், எதிர்ப்பு மருந்து பெரும்பாலும் விரைந்து தீர்வு தருகிறது. மூக்கொழுகல், தும்மல், பூச்சிக்கடித் தடிப்பு, பயண வாந்தி ஆகியவற்றிலும் இவற்றின் பயன் ஐயத்திற்கிடமற்றது. ஆனால் பழைய மருந்துகள் கண் அழுத்த நோயையும் முதியவரின் சிறுநீர் அடைப்பையும் மோசமாக்கும். குளோர்ஃபெனிரமினும் ஃபெனைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்துகளை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தரக்கூடாதென்று 2023 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அறிவித்ததும் காரணமின்றியல்ல.

எது கடித்தது என்று தெரியாமல் உடல் தடித்து அரிப்பதைத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் காணாக்கடி என்பார்கள்; அதற்கு மந்திரிப்பதும் மூலிகை கொடுப்பதும் பழக்கம், இப்போது கூடவே அவில் ஊசியும் சேர்ந்துகொண்டது. தடிப்பு மட்டும் இருந்தால் அதில் பெரிய கேடில்லை. ஆனால் கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் படுத்துறங்குவோரைக் கடிக்கிறது; வலி மிகக் குறைவு, பற்தடம் கண்ணுக்குப் படாமலும் போகலாம், விடியலில் வயிற்றுவலியும் இமை சரிவதும் விழுங்க முடியாமையும் தோன்றும். கடியுண்டவருக்கு வந்தது காணாக்கடி என்று எண்ணி அவில் ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பினால் மூச்சுத்தசைகள் முடங்கும்வரை காலம் கடந்துவிடும். அந்த ஊசி தரும் தூக்கமோ, இமை சரிவது மருந்தாலா நஞ்சாலா என்று பிரித்தறிவதையே குழப்பும். ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்து எதுவும் பாம்பு நஞ்சை முறிக்காது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என்ற மதிப்பீட்டின் பின்புலத்தில், 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியதால், ஒவ்வொரு கடியும் இனி கணக்கில் வந்தாக வேண்டும்.

குதிரையின் துணையில்லாமல், மனித எதிர்ப்புப் புரதங்களை ஆய்வகத்தில் வளர்த்து மருந்தாக்கும் முயற்சிகள் பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் உட்படப் பல இடங்களில் நடக்கின்றன. அவை நடைமுறைக்கு வரும்வரை இருளரின் மண்பானைகளும் ஆலையின் குதிரைகளும் வேண்டியே இருக்கும், அவற்றோடு சீர நோயும் தொடரும். நஞ்சுமுறி மருந்து ஏற்றிக்கொண்டு குணமாகி வீடு திரும்பியவருக்குப் பெரும்பாலும் ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல், மூட்டுவலி, அரிப்பு, நெறிகட்டு வரும்போது, நஞ்சு மீண்டும் ஏறிவிட்டதென்று குடும்பம் அஞ்ச இடமுண்டு. இங்கேதான் ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்துக்கு உரிய இடம் இருக்கிறது: குளோர்ஃபெனிரமின் 2 மில்லிகிராம் ஆறு மணி நேரத்துக்கொரு முறை ஐந்து நாள், ஓரிரு நாளில் தணியாவிட்டால் பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு. மருத்துவமனையிலிருந்து விடுவிக்கும் நாளிலேயே, இன்னும் ஒன்றிரண்டு வாரத்தில் இப்படி நேரலாம், நேர்ந்தால் அச்சமின்றித் திரும்பி வரலாம் என்பதை நோயாளிக்கும் உடன் வந்தவர்க்கும் வாய்விட்டுச் சொல்லி, சீட்டிலும் எழுதித் தருவது மருத்துவரின் கடமையாகிறது.